மன்னர் எப்போது போவார் என்று எதற்குக் காத்திருக்கிறோம்?

உம்கேனிக்கரை (டர்பன்):
எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதை அரிக்கும் ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன். 2024 பிப்ரவரி 5 அன்று சார்ல்ஸ் மன்னருக்குப் புற்றுநோய் என்று அரண்மனை அறிவித்தது. அன்று முதல் இங்கே தென்னாப்பிரிக்காவில் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் உடம்பைப் பற்றித்தான் பேச்சு. முகம் வெளுத்திருக்கிறது, விரல் வீங்கியிருக்கிறது, கோட்டு தோளில் நிற்கவில்லை, இன்னும் எத்தனை மாதம் தாங்குவார். பேசுகிறவர்கள் யாரும் ஈரமில்லாதவர்கள் அல்ல. தெருவில் ஒரு சாவு என்றால் முதலில் ஓடிப்போய் நாற்காலி போடுகிறவர்கள் அவர்கள்தான்.

எலிசபெத் ராணிக்கும் இப்படித்தான் நடந்தது. 2022 செப்டம்பர் 6ஆம் தேதி ஸ்காட்லாந்திலுள்ள பால்மோரல் மாளிகையில் லிஸ் டிரஸ்ஸைப் பிரதமராக நியமித்தபோது எடுத்த படம் நினைவிருக்கும். கைத்தடி, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கை குலுக்கும்போது புறங்கையில் கன்றிப்போன ஊதா நிறம். அந்தக் கையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி ஊரெல்லாம் அனுப்பினார்கள். இரண்டு நாளில் ராணி இறந்துபோனார். உடனே "நான் அப்பவே சொன்னேன்ல" என்று குரல் செய்திகள். சொன்னது பலித்த சந்தோஷம் அந்தக் குரல்களில் இருந்தது. எனக்கு அது தாங்கவில்லை.

செத்தபின் அழுவதை நான் குறை சொல்லவில்லை. மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்கு நாள் குறிப்பது தப்பு என்றுதான் சொல்கிறேன். இது நமக்கு எங்கிருந்து வந்தது?

பழைய வானொலி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். நான் செய்தி அறையில் வேலை செய்தவன். பாதிப் பொறுப்பு எங்கள் தொழிலுடையது. பெரிய மனிதர் ஒருவருக்கு எழுபது தாண்டினாலே அவருடைய அஞ்சலிக் கட்டுரை தயாராகிவிடும். வயதையும் தேதியையும் மட்டும் காலியாக விட்டிருப்பார்கள். அவசரத்தில் தப்பாக எழுதக் கூடாதே என்று செய்கிற ஏற்பாடு அது, அதில் குற்றமில்லை. அது வெளியே கசிந்துவிட்டால்தான் விபரீதம். 2003இல் சிஎன்என் இணையதளத்தில் இப்படி எழுதிவைத்த வரைவுகள் வெளியே தெரிந்துவிட்டன. அதில் நம் மண்டேலாவும் இருந்தார். அப்போது அவர் உயிரோடு இருந்தார், இன்னும் பத்து வருஷம் வாழ்ந்தார். 2020 நவம்பரில் பிரெஞ்சு வானொலியான ஆர்எஃப்ஐ ஒரே நாளில் ஏறக்குறைய நூறு பேரைச் சாகடித்தது. எலிசபெத் ராணி, கால்பந்து வீரர் பெலே எல்லோரும் அந்தப் பட்டியலில்.

இவற்றைவிட என்னை உலுக்கியது 1936 ஜனவரி 20ஆம் தேதிக் கதை. எலிசபெத்தின் தாத்தா ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சாண்ட்ரிங்காம் மாளிகையில் மரணப் படுக்கையில் கிடக்கிறார். மன்னரின் வாழ்வு அமைதியாக முடிவை நோக்கிப் போகிறது என்று அரண்மனை மருத்துவர் டாசன் பிரபு அன்று இரவு அறிவிப்பு எழுதிக் கொடுக்கிறார். இரவு பதினொரு மணி வாக்கில் அதே மருத்துவர் மார்ஃபினும் கோக்கெய்னும் ஊசியில் ஏற்றி மரணத்தைச் சீக்கிரப்படுத்துகிறார். காரணங்களில் ஒன்றாக அவரே தன் குறிப்பில் எழுதிவைத்தது என்ன தெரியுமா? மரணச் செய்தி மாலைப் பத்திரிகைகளில் வராமல் காலையில் வரும் டைம்ஸ் பத்திரிகையில் முதலில் வர வேண்டும் என்பது. லண்டனிலிருந்த தன் மனைவியிடம் சொல்லி, பத்திரிகையை நிறுத்திவைக்கச் செய்தியும் அனுப்பியிருந்தார். ஐம்பது வருஷம் கழித்து 1986இல்தான் இது வெளியே வந்தது.

ஒரு மன்னரின் கடைசி மூச்சைப் பத்திரிகை அச்சேறும் நேரத்துக்குத் தோதாக அமைத்திருக்கிறார்கள். நாம் காத்திருக்கிறோம் என்று தெரிந்துதான் அப்படிச் செய்தார்கள்.

லெனேசியா தம்பி:
உம்கேனி அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரச குடும்பம் மக்கள் பணத்தில் வாழ்கிற குடும்பம். அந்தப் பணத்தில் நம் மண்ணின் பங்கும் உண்டு. ராணியின் சவப்பெட்டி மேல் வைத்திருந்த செங்கோலில் பதித்த பெரிய வைரம் எங்கே தோண்டியது? 1905இல் பிரிட்டோரியாவுக்குப் பக்கத்திலுள்ள கல்லினன் சுரங்கத்தில். முழுக் கல் 3,106 காரட். அதிலிருந்து வெட்டிய பெரிய துண்டுதான் அந்தச் செங்கோலில் இருக்கிறது, 530 காரட். 1907இல் அந்தப் பகுதியின் டிரான்ஸ்வால் அரசு முழுக் கல்லை அன்றைய பிரிட்டிஷ் மன்னருக்குப் பரிசாகக் கொடுத்தது. சுரங்கத்தில் இறங்கியவர்களை யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட ஒரு பதவியில் இருப்பவரின் உடல்நிலை நாட்டு விஷயம். பழைய வானொலி ஐயா சொன்ன 1936 கதையே என் பக்கம்தான் பேசுகிறது. அரண்மனை தனக்குத் தோதான நேரத்தில் தோதான சேதியைக் கொடுக்கும். ராணியின் இறப்புச் சான்றிதழைப் பாருங்கள்: பிற்பகல் 3.10, காரணம் முதுமை. உலகத்துக்குச் சொன்னது மாலை 6.30க்கு. நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொலைக்காட்சியில் "மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள்" என்றுதான் ஓடியது. மறைக்கிறவர்கள் இருக்கும்வரை துருவுகிறவர்களும் இருப்பார்கள்.

சாட்ஸ்வர்த்காரி:
தம்பி, மூன்று மணி நேரத்தையுமா கணக்குப் பார்ப்பது? பிள்ளைகள் ஸ்காட்லாந்து போய்ச் சேர வேண்டாமா? நம் வீட்டில் ஒருவர் போய்விட்டால் கேப் டவுனில் இருக்கும் மகனுக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்வோமா? அந்த மூன்று மணி நேரத்தை நான் அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

எனக்கு வேறு ஒரு கேள்வி. நம் ஆட்களுக்கு இந்தக் குடும்பத்தின் மேல் ஏன் இவ்வளவு ஒட்டுதல்? எங்கள் ஆயா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் 1953 முடிசூட்டு விழாக் குவளை ஒன்று இருக்கும். விளிம்பில் தங்கக் கோடு, நடுவில் ராணியின் முகம், கைப்பிடியில் ஒரு விரிசல். யாரும் அதில் டீ குடித்தது கிடையாது. ஆயா அதைத் துடைக்கும்போதெல்லாம் 1947 கதையைச் சொல்லும். அந்த மார்ச் மாதம் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ராணியையும் இரண்டு இளவரசிகளையும் கூட்டிக்கொண்டு டர்பன் வந்தார். முந்தின வருஷம்தான் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். அதை எதிர்த்து நேட்டால் இந்தியக் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்திக்கொண்டிருந்த நேரம். அரச வருகையைப் புறக்கணியுங்கள் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டது. அப்படியும் கறீஸ் ஃபவுண்டன் மைதானத்துக்கு நம் ஜனங்கள் திரண்டு போனார்கள். எங்கள் தாத்தா போகவில்லை, ஆயா போனது. அதற்காக வீட்டில் சண்டை.

அந்தச் சுற்றுப்பயணத்தில்தான் ஏப்ரல் 21 அன்று கேப் டவுனிலிருந்து எலிசபெத் தன் 21ஆவது பிறந்தநாள் உரையை வானொலியில் பேசினார். தன் ஆயுள் நீண்டதாக இருந்தாலும் குறுகியதாக இருந்தாலும் அது முழுவதும் மக்கள் சேவைக்கு என்று சொன்னார். ஆயாவுக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவருக்குக் கல்யாணம், ஆயாவுக்குக் கல்யாணம். அவருக்குப் பிள்ளைகள், ஆயாவுக்கும் பிள்ளைகள். எங்களை டர்பனின் 'கேட்டோ மேனர்' பகுதியிலிருந்து கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினபோதும் அந்தக் குவளையை ஆயா துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தது. ராணிக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால் ஆயா முதலில் தன் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கும். அந்த வயதில் அந்தம்மா எழுந்து நடக்கிறாளா, நானும் நடப்பேன் என்று ஒரு தைரியம்.

அதனால் எல்லோரும் வக்கிரத்தினால் பார்க்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. தன் கூடவே கிழவியான ஒருத்தியைப் பார்க்கிற பார்வையும் அதில் இருக்கிறது.

மதுரைக்காரன் (ஜோபர்க்):
சாட்ஸ்வர்த் அக்கா சொன்னது மனசைத் தொட்டது. நான் இங்கே வேலைக்கு வந்தவன், என் அனுபவம் வேறு. 2016 செப்டம்பர் 22ஆம் தேதி ஜெயலலிதா அம்மாவை சென்னை அப்போலோவில் சேர்த்தார்கள். முதலில் காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றார்கள். அப்புறம் 75 நாள். ஒரு படம் கிடையாது. ஆளுநர் வந்தார், மந்திரிகள் வந்தார்கள், நேரில் பார்த்தார்களா என்று எங்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இட்லி சாப்பிட்டார் என்ற ஒரு வரிச் செய்திக்கு ஊரே ஏங்கிக் கிடந்தது. டிசம்பர் 5 சாயங்காலம் சில தொலைக்காட்சிகள் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டன. கட்சி அலுவலகத்தில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். மருத்துவமனை மறுத்ததும் திரும்ப ஏற்றினார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு இறந்தார் என்று நள்ளிரவில் அறிவிப்பு வந்தது. அப்போது நான் இங்கே ராண்ட்பர்க்கில் அறையில் உட்கார்ந்து, அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டே தொலைக்காட்சியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் சொல்லாமல் விட்டதால் வந்த வினை இன்னும் தீரவில்லை. விசாரணை ஆணையம் போட்டு, 2022இல் அறிக்கை வந்து, அதையும் ஆளாளுக்கு ஒரு மாதிரி படிக்கிறார்கள்.

ஆனால் தம்பி, படத்தைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2017 டிசம்பரில், ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முந்தின நாள், அவர் மருத்துவமனைப் படுக்கையில் பழச்சாறு குடிப்பதுபோல் ஒரு வீடியோவை வெளியிட்டார்கள். உயிரோடு இருந்த காலமெல்லாம் தலைமுடி கலைந்து யாரும் பார்த்திராத பெண்மணி. அந்தக் கோலத்தில் அவரை ஓட்டுக்குப் பயன்படுத்தினார்கள். 1984இல் எம்.ஜி.ஆர் அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தபோதும் மருத்துவமனைப் படத்தை ஊர் ஊராகக் காட்டித்தான் தேர்தல் நடத்தினார்கள். அப்போது ஜனங்கள் கும்பிட்டார்கள், அழுதார்கள். மறைத்தாலும் காட்டினாலும் படுக்கையில் கிடந்தவரிடம் சம்மதம் கேட்டது யார்? இதுதான் என் கேள்வி.

செவிலி அக்கா (ஃபீனிக்ஸ்):
நான் நர்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருஷம். சம்மதம் என்று ஒரு தம்பி எழுதியதும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பேர் தெரிந்த ஒருவர் வார்டில் சேர்ந்தால் என்ன நடக்கும் தெரியுமா? வேறு மாடியில் வேலை செய்பவருக்குத் திடீரென்று எங்கள் வார்டில் ஏதோ வேலை வந்துவிடும். சுத்தம் செய்யப் போகிறேன் என்பார்கள், பேனா கொடுக்க வந்தேன் என்பார்கள். திரை விலகியிருக்கும் அந்த நாலு விரல் இடைவெளியில் ஒரு பார்வை. அந்த மனிதருக்கு வாயில் குழாய், கையைக் கட்டிலில் கட்டியிருப்போம், பிடுங்கிவிடக் கூடாது என்று. பல்செட்டு கழற்றிக் கிண்ணத்தில் இருக்கும். அவர் மேடையில் பாடியவராக இருக்கட்டும், கோயில் தலைவராக இருக்கட்டும், அந்த நிலையில் தன்னை யார் பார்க்கலாம் என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை. அவருக்குப் பதிலாகத் திரையை இழுத்துவிட வேண்டியது நான்.

இந்த நாட்டில் நோயாளியின் விவரத்தை வெளியே சொல்வது 2003ஆம் வருஷத்து தேசிய சுகாதாரச் சட்டப்படியே கூடாது. லண்டனில் 2024இல் இளவரசி கேட் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்திருந்த மருத்துவமனையில், அவருடைய மருத்துவக் குறிப்புகளை ஊழியர் யாரோ எடுத்துப் பார்க்க முயன்றதாகப் புகார் வந்து விசாரணை நடந்தது. வெளியே ஜனங்கள் அவர் எங்கே, என்ன ஆனார், செத்துவிட்டாரா என்று கதை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அன்னையர் தினப் படத்தில் திருத்தம் செய்திருக்கிறார்கள் என்று செய்தி நிறுவனங்கள் படத்தைத் திரும்பப் பெற்றன. கடைசியில் மார்ச் 22ஆம் தேதி அந்தப் பெண் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, எனக்குப் புற்றுநோய், பிள்ளைகளுக்குப் பக்குவமாகச் சொல்ல நேரம் தேவைப்பட்டது என்று கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டி வந்தது. அந்த வீடியோவை நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

2012இல் இன்னொன்று நடந்தது. அதே கேட் கர்ப்பமாக இருந்து மருத்துவமனையில் சேர்ந்தபோது, ஆஸ்திரேலிய வானொலிக்காரர்கள் ராணி மாதிரி குரல் மாற்றிப் போன் செய்தார்கள். அழைப்பை எடுத்து வார்டுக்கு மாற்றிக் கொடுத்தவர் இந்தியாவில் பிறந்த ஒரு நர்ஸ், இரண்டு பிள்ளைகளின் தாய். உலகமே அந்தப் பதிவைக் கேட்டுச் சிரித்தது. மூன்று நாளில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அரச குடும்பத்துச் சேதி அறிந்துகொள்ளும் ஆவலில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன்.

உம்கேனிக்கரை (டர்பன்):
அக்கா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை.

லெனேசியா தம்பிக்கு ஒன்று. நாட்டு விஷயம் என்ற வாதத்தை 2013இல் நாமே பார்த்தோம். ஜூன் 8ஆம் தேதி மண்டேலாவை நுரையீரல் தொற்றுக்காக பிரிட்டோரியா மருத்துவமனையில் சேர்த்தார்கள். வெளிச்சுவர் முழுக்கப் பூவும் வாழ்த்து அட்டையும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பாடினார்கள். அது அன்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதிர்ப்புறம் உலகத் தொலைக்காட்சிகளின் வண்டி வரிசை, மாதக்கணக்கில். செத்த எருமைக்காகக் காத்திருக்கும் கழுகுகள் என்று மண்டேலாவின் மூத்த மகள் மனம் நொந்து சொன்னார். அதற்கு முன்பே 2011இல் மண்டேலாவின் குனு கிராமத்து வீட்டை நோக்கிச் செய்தி நிறுவனங்கள் கேமரா பொருத்திவைத்திருந்ததைப் போலீஸ் வந்து எடுத்துப் போனது. எதற்குக் கேமரா? அவர் இறந்தால் முதல் படம் வேண்டும் என்பதற்குத்தானே.

2013 ஏப்ரல் கடைசியில் கட்சித் தலைவர்கள் அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட வீடியோவையும் மறக்க முடியாது. பெரியவர் எங்கோ பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். முகத்துக்கு நேரே கேமரா வெளிச்சம் அடிக்கிறது. சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். நாடே கொதித்தது. அன்றைக்கு நமக்குத் தெரிந்த எல்லை, சார்ல்ஸ் விரலைப் பெரிதாக்கும்போது ஏன் மறந்துபோகிறது?

பழைய வானொலி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
மண்டேலா விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அவருடைய மருத்துவர் கடைசிக் காலத்தைப் பற்றி 2017இல் புத்தகம் எழுதினார். மண்டேலாவின் மனைவி கிராசா மாஷெல் அம்மையார் எதிர்த்ததும் பதிப்பகம் கடைகளிலிருந்து புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. குடும்பத்தில் சிலர் கேட்டுத்தான் எழுதினேன் என்றார் மருத்துவர். இறந்தவரின் ரகசியம் மனைவிக்குச் சொந்தமா, பிள்ளைகளுக்கா, நாட்டுக்கா? அன்று எங்கள் நண்பர்களுக்குள் பெரிய வாக்குவாதம். நான் அம்மையார் பக்கம்.

டயானா இறந்த அன்று அவருடைய தம்பி பேசியது நம் கேப் டவுனில், தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு. பத்திரிகைகள் கடைசியில் அவளைக் கொன்றுவிடும் என்று எப்போதும் நினைத்திருந்தேன் என்றார். அந்த ஒலிப்பதிவை இப்போது கேட்டாலும் கை நடுங்கும்.

சாட்ஸ்வர்த்காரி:
பக்கத்திலேயே வேறு ஒரு வழி இருப்பதைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. 2021 மார்ச் 12 அன்று சுலு மன்னர் குட்வில் ஸ்வெலிதினி காலமானார். ஐம்பது வருஷம் ஆண்டவர். மார்ச் 17ஆம் தேதி நொங்கோமாவில் பாரம்பரிய உடையில் வீரர்கள் புடைசூழ உடலை அரண்மனைக்குக் கொண்டுபோனதை எல்லோரும் பார்த்தோம். அதற்குமேல் பார்க்க விடவில்லை. இருட்டு விலகும் முன்பே, அரச குடும்பத்து ஆண்கள் சிலர் மட்டும் கூடி நல்லடக்கம் செய்தார்கள். கேமரா கிடையாது. விடிந்தபின் எல்லோருக்கும் அஞ்சலிக் கூட்டம், ஜனாதிபதி பேசினார், நேரலை. எங்கள் பக்கத்து வீட்டு சுலு அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. மன்னரை அடக்கம் செய்வதைப் பார்க்க முடியவில்லையே என்று வருத்தமில்லையா என்று கேட்டேன். அது நாங்கள் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

லண்டனில் ராணியின் பெட்டியை இருபத்துநாலு மணி நேரமும் நேரலையில் காட்டினார்கள். ஏறக்குறைய 2,50,000 பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். அதையும் நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் முறை. ஆனால் எனக்கு நொங்கோமாதான் பிடித்திருக்கிறது.

இசிபிங்கோ குருக்கள்:
நான் யாழ்ப்பாணத்தில இருந்து இங்க கோயிலுக்கு வந்தனான். கிளேர் எஸ்டேட் தகனசாலையில கிரியை செய்யிறபடியால் ஒண்டு சொல்லவேணும். கொரோனாவுக்குப் பிறகு அநேகமா எல்லாச் செத்தவீட்டிலயும் நேரலை இருக்குது. கனடா, லண்டன், சிட்னியில இருக்கிற பிள்ளையள் பாக்கவேணும், அது நியாயம். ஆனால் கேமராக்காரத் தம்பி வாய்க்கரிசி போடேக்க முகத்துக்குக் கிட்ட கேமராவைக் கொண்டு வாறார். பிறகு அந்த இணைப்பு ஆரெவருக்கோ போகுது. குடும்பத்தைத் தெரியாத ஆக்களும் இருந்து பாக்கினம், கீழ கருத்தும் எழுதுகினம். ஒரு வீட்டில "ஏன் மருமகள் அழேல்ல" எண்டு ஆரோ எழுதி, அது சண்டையா முடிஞ்சுது. ராசா ராணி எண்டு தூரத்துக்குப் போகத் தேவையில்லை, எங்கட வீடுகளிலயே இது தொடங்கிட்டுது.

லெனேசியா தம்பி:
குருக்கள் ஐயா, செவிலி அக்கா, இரண்டு பேர் எழுதியதையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர் வேலை செய்யும் நிலையில் இருக்கிறாரா இல்லையா என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், இந்த வாதத்தை நான் விடமாட்டேன். ஜெயலலிதாவுக்கும் அதுதான், சார்ல்ஸுக்கும் அதுதான். வேலை செய்ய முடியாவிட்டால் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. எந்த உறுப்பில் நோய், கையில் ஏன் கன்றியிருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் வராது என்பதை ஒத்துக்கொள்கிறேன். சார்ல்ஸ் தரப்பு இந்த அளவுக்குச் சரியாகவே செய்தது என்று நினைக்கிறேன். நோய் இது, பொது நிகழ்ச்சிகளைத் தள்ளிவைக்கிறார், அரசுக் காகித வேலைகளைத் தொடர்கிறார் என்று சொன்னார்கள். என்ன வகைப் புற்றுநோய் என்று சொல்லவில்லை. அந்தக் கோட்டோடு நான் நிற்பேன்.

வைரத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் மாற்றமில்லை.

மதுரைக்காரன் (ஜோபர்க்):
தம்பி போட்ட கோடு எனக்கும் சரி. சினிமாக்காரர்களுக்கு அந்தக் கோடும் கிடையாதே என்பதுதான் கவலை. அவர்கள் யாருக்கும் கையெழுத்துப் போடப் போவதில்லை. 2018இல் ஸ்ரீதேவி துபாயில் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தபோது செய்தியாளர்கள் தொட்டியில் நின்றும் படுத்தும் காட்டினார்கள். 2020இல் எஸ்பிபி படுத்திருந்தபோது அவர் மகன் தினம் தினம் கேமரா முன்னால் வந்து அப்பா எப்படி இருக்கிறார் என்று சொல்ல வேண்டியிருந்தது. வதந்தியை நிறுத்த அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பிள்ளை.

செவிலி அக்கா (ஃபீனிக்ஸ்):
குருக்கள் ஐயா சொன்னதற்கு என்னால் ஆன ஒரு யோசனை. நேரலை வேண்டாம் என்று சொல்ல முடியாது, வெளிநாட்டுப் பிள்ளைகள் தவித்துப்போவார்கள். இணைப்பைக் கடவுச்சொல் போட்டுக் கொடுக்கலாம், கருத்துப் பகுதியை அணைத்து வைக்கலாம். கேமராவை ஒரே இடத்தில், எல்லோருக்கும் பின்னால், தாங்கியில் நிறுத்தச் சொல்லலாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீடியோவை எடுத்துவிடச் சொல்லலாம். சாவு வீட்டில் இதையெல்லாம் யோசிக்க யாருக்கும் தெம்பு இருக்காது. அதனால் கோயில் கமிட்டியே ஒரு தாளில் எழுதி, கிரியைக்கு நேரம் குறிக்க வருகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டால் நல்லது. ஐயா, உங்கள் கமிட்டியில் பேச முடியுமா?

இசிபிங்கோ குருக்கள்:
ஓம் தங்கச்சி. வாற ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்குது, கதைக்கிறன். தமிழிலயும் இங்கிலீசிலயும் எழுதித் தாங்கோ, அச்சடிக்கிற செலவைக் கோயில் பாக்கும்.